கழற்றத் தெரிந்த கட்டடங்கள்

2008 செப்டம்பர் 11 முதல் நவம்பர் 16 வரை மரினா பே ஓரத்தில் ஒரு கட்டடம் நின்றது. 150 கப்பல் கொள்கலன்களும் காகிதக் குழாய்களும்தான் அதன் உடம்பு. வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். பெயர் 'கண்டெய்ன்ஆர்ட்'. இரண்டாவது சிங்கப்பூர் பியனாலே கலைவிழாவின் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. பழைய சிட்டி ஹாலும் பீச் ரோட்டில் இருந்த பழைய ராணுவ முகாமும் மற்றவை. சிட்டி ஹால் இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. முகாம் இருந்த இடத்தில் கோபுரங்கள் எழுந்துவிட்டன. கண்டெய்ன்ஆர்ட் நின்ற முனையில் புல்தரை இருக்கிறது.

அந்த வருடம் நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அதே மாதம் முதல்முறையாக நடந்த எஃப்1 பந்தயத்தின் இரைச்சல்தான் ஞாபகம் இருக்கிறதே தவிர, பியனாலே என்ற சொல்லே காதில் விழுந்ததில்லை. அந்தக் கட்டடத்தைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடிக்கடி அதையே நினைத்துக்கொள்கிறேன். தற்காலிகக் கட்டுமானங்களுக்குக் கணக்குப் போடும் சின்ன நிறுவனம் எங்களுடையது. மேடை, கூடாரம், விளக்குத் தூண், கண்காட்சிச் சுவர் எல்லாம் வரும். காற்று இவ்வளவு அடித்தால் கவிழுமா, கூட்டம் ஏறினால் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் வருகிற டெண்டர் ஆவணங்களில் 'நீடித்த நிலைத்தன்மை' என்ற சொற்றொடர் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மூங்கில் பயன்படுத்துவீர்களா, மறுசுழற்சி அட்டை உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் அனைத்தையும் அகற்றி இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அகற்றி எங்கே கொண்டுபோவது? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஒரு வரியால் என்ன நடக்கும் என்பதை ஒரு கலைச்சந்தையின் கடைசி இரவில் பார்த்தேன். நான்கு நாள் ஓவியங்கள் தொங்கிய வெள்ளைச் சுவர்களைச் சுத்தியலால் உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டுப்பலகை, அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயின்ட். எல்லாமே ஆணியும் பசையும். புதுக்கோட்டைக்காரரான மேற்பார்வையாளர் ஒருவரிடம், "அண்ணே, இதைக் கழட்டி எடுத்து வைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"நேரம் குடுத்தா கழட்டலாம் சார். ராத்திரி பத்து மணிக்குச் சந்தை முடியுது. காலைல ஆறு மணிக்கு ஹால் வெறுமையா இருக்கணும். அதுவும் இல்லாம, கழட்டி யாருக்கு வைக்கிறது?"

யாருக்கு என்பதுதான் கேள்வி. கொஞ்சம் பின்னோக்கிப் போனால், இந்தக் கேள்விக்கு 1850இலேயே லண்டனில் விலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

1851ஆம் ஆண்டின் மாபெரும் கண்காட்சிக்கு ஹைட் பார்க்கில் கட்டடம் வேண்டும். போட்டியில் வந்த 245 வடிவங்களையும் ஒதுக்கிவிட்டுக் கட்டடக் குழு தானே ஒன்றை வரைந்தது. ஒன்றரைக் கோடி செங்கற்கள், மேலே மாபெரும் இரும்புக் கூம்மட்டம். லண்டன்காரர்கள் கொதித்துப்போனார்கள். பூங்காவில் இவ்வளவு செங்கல்லைக் கொட்டினால் யார் திரும்ப எடுக்கப் போகிறார்கள்? நியாயமான சந்தேகம். அப்போதுதான் ஜோசப் பாக்ஸ்டன் வருகிறார். அடிப்படையில் தோட்டக்காரர். பிரபு ஒருவரின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் செடிகளுக்குக் கண்ணாடி வீடுகள் கட்டிப் பழகியவர். அவர் கொடுத்தது, 24 அடியை அளவுகோலாக வைத்துத் திரும்பத் திரும்ப வரும் இரும்பு, மரம், கண்ணாடித் துண்டுகளின் கட்டடம். நீளம் 1,848 அடி. கண்ணாடித் தகடுகள் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம். பூங்காவின் பெரிய எல்ம் மரங்களை வெட்டாமல் கூரைக்குள்ளேயே நிற்கவிட்டார்கள்.

'கிரிஸ்டல் பேலஸ்' என்றதும் எல்லோரும் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதன் இணைப்புகள்தான் பிடிக்கும். வார்ப்பிரும்புத் தூண்களை மரையாணியால் பூட்டினார்கள். உத்திரங்களைத் தூணின் தலையில் செருகி ஆப்பு அடித்து இறுக்கினார்கள். மரையைத் திருப்பினால் கழலும், ஆப்பைத் தட்டினால் உருவிவரும். தூண்கள் உள்ளே குழாயாக இருந்ததால் கூரையில் விழுந்த மழைநீர் அவற்றின் வழியாகவே இறங்கியது. ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டுமானத் தளத்தைச் சுற்றி அடைத்திருந்த மர வேலிப் பலகைகளைப் பிறகு எடுத்து உள்ளே தரையாகப் போட்டுவிட்டார்கள். இன்றைய எந்த 'பசுமை' விருதுக்கும் இந்த ஒரு காரியமே போதும்.

ஆனால் இதையெல்லாம் சாத்தியமாக்கியது பாக்ஸ்டனின் மூளை மட்டும் இல்லை. ஒப்பந்தக்காரர்களான ஃபாக்ஸ் ஹென்டர்சன் நிறுவனம் இரண்டு விலை கொடுத்தது. கட்டடம் கண்காட்சி ஆணையத்துக்கே சொந்தமாவதாக இருந்தால் 1,50,000 பவுண்டு. கண்காட்சி முடிந்ததும் பொருள்களை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் 79,800 பவுண்டு. ஏறக்குறைய பாதி! ஆணையம் குறைந்த விலையை எடுத்துக்கொண்டது. இனி ஒவ்வொரு தூணும் ஒப்பந்தக்காரரின் சொத்து. தன் சொத்தை எவனாவது சுத்தியலால் உடைப்பானா? கழற்றத்தான் பார்ப்பான்.

1852இல் கட்டடத்தை ஹைட் பார்க்கிலேயே வைத்துக்கொள்ள நாடாளுமன்றம் மறுத்தது. பாக்ஸ்டனும் கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம் அதை விலைக்கு வாங்கி, கழற்றி, தெற்கு லண்டனின் சிடென்ஹம் குன்றுக்கு எடுத்துச் சென்றது. 1854இல் அங்கே மறுபடி திறந்தார்கள். ஆனால் வடிவத்தை மாற்றி, மிகவும் பெரிதாக்கி, நிரந்தரமாக. நிரந்தரம் ஆனதும் கடன் சேர்ந்தது, பராமரிப்புச் செலவு தின்றது. 1936 நவம்பர் 30 இரவு எரிந்து முடிந்தது. தற்காலிகமாக இருந்த காலத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட கட்டடம் அது. நிரந்தரமானதும்தான் கெட்டது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நேரெதிர் 1893இன் சிகாகோ உலகக் கண்காட்சி. 'வெள்ளை நகரம்' என்று புகழப்பட்ட அந்த மாளிகைகள் பார்க்கப் பளிங்கு. உண்மையில் சாந்தும் சணல் நாரும் கலந்த பூச்சு. யாரும் திரும்ப எடுக்க நினைக்காத பொருள். அடுத்த ஆண்டே பெரும்பகுதி தீயில் போயிற்று. தப்பியது நுண்கலை மாளிகை. எரியாத கட்டடமாக இருந்தால்தான் ஓவியங்களைக் கடன் கொடுப்பார்கள் என்பதால் அதற்கு மட்டும் செங்கல்லில் உறுதியான உடம்பு கொடுத்திருந்தார்கள். கலைக்காகக் கட்டும் எந்தத் தற்காலிகக் கட்டடத்திலும் கூடவே காப்பீட்டுக்காரரும் ஒரு கட்டடக் கலைஞராக உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்றைக்கும் பொருந்தும்.

இனி காகிதக் குழாய். அதுவும் ஒரு கலைக் கண்காட்சியில்தான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1980களின் நடுவில் ஷிகெரு பான் தோக்கியோவில் கண்காட்சி அரங்குகள் வடிவமைத்துக்கொண்டிருந்த இளைஞர். ஒரு கண்காட்சிக்குத் துணித் திரைகள் பயன்படுத்தினார். துணி சுற்றி வந்த காகிதக் குழாய்கள் மிச்சமாகின. தூக்கிப்போட மனம் வராமல் எடுத்து வைத்தார். 1986இல் ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோவின் படைப்புகளுக்கு ஒரு கண்காட்சி. ஆல்டோ என்றால் மரம். ஆனால் சில வாரக் கண்காட்சிக்கு அவ்வளவு மரத்தை வாங்கிப் பிறகு வீசுவதா? மரத்துக்குப் பதிலாகக் காகிதக் குழாய்களை வைத்தார். நினைத்ததைவிட அவை பலமாக இருந்தன. அங்கிருந்து தொடங்கியது எல்லாம். 'சூழலியல்' என்ற பெரிய வார்த்தை எதுவும் இல்லாமல், வீணாக்கக் கூடாது என்ற வீட்டுப் புத்தியிலிருந்து.

1995இல் கோபே நிலநடுக்கம். தகாதோரி பகுதியின் கத்தோலிக்கத் தேவாலயம் எரிந்துபோனது. பானும் தொண்டூழியர்களும் சேர்ந்து 58 காகிதக் குழாய்களால் அதே இடத்தில் ஒரு தேவாலயம் எழுப்பினார்கள். கொஞ்ச காலத்துக்கு என்று கட்டியது பத்தாண்டுகள் நின்றது. 2005இல் அதைக் கழற்றி, கப்பலில் ஏற்றித் தைவானுக்கு அனுப்பினார்கள். 1999 நிலநடுக்கத்தில் நொறுங்கிய தவ்மி என்ற கிராமம் அதைக் கேட்டிருந்தது. மரினா பேயில் கண்டெய்ன்ஆர்ட் நின்ற அதே 2008இல் தவ்மியில் அந்தத் தேவாலயம் திறக்கப்பட்டது. காகிதம் என்றால் இரண்டு மழைக்குத் தாங்காது என்று நினைப்போம். இங்கே காகிதத்துக்கு அடுத்த வாரிசு இருந்தது. அதனால் பிழைத்தது.

பொருளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு ஹனோவர் உலகக் கண்காட்சியைப் பார்க்கலாம். ஜப்பான் அரங்கத்தைப் பான் காகிதக் குழாய்களால் வலைபோல் பின்னினார். நீளம் 73.8 மீட்டர். ஜெர்மானிய மேதை ஃப்ரை ஓட்டோ ஆலோசகர். குழாய்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களை நாடாவால் கட்டினார்கள். அஸ்திவாரத்தில் கான்கிரீட் கிடையாது, மணல் நிரப்பிய பெட்டிகள்தான். ஆனால் ஜெர்மன் அதிகாரிகளுக்குக் காகிதத்தில் நம்பிக்கை வரவில்லை. மர வளைவுகள் கூடுதலாக நுழைந்தன. காகிதக் கூரைக்கு மேல் பிவிசி உறை வந்தது. சுற்றுச்சூழலைப் போற்றும் அரங்கத்தின் தலையில் பிளாஸ்டிக் தொப்பி! அதிகாரிகளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அதே கண்காட்சியில் சுவிட்சர்லாந்து அரங்கத்தைக் கட்டியவர் பீட்டர் சும்தோர். மரவாடியில் பச்சை மரத்தைக் காயவைக்க அடுக்குவார்களே, அதேபோல் பல்லாயிரம் மரச்சட்டங்களை அடுக்கிச் சுவராக்கினார். ஆணி இல்லை, பசை இல்லை, திருகாணி இல்லை. எஃகுக் கம்பிகளும் சுருள்வில்களும் மேலிருந்து கீழாக இழுத்துப் பிடித்தன. மரம் காயக் காயச் சுருங்கும், வில் அதைத் தொடர்ந்து இறுக்கிக்கொண்டே வரும். கண்காட்சி முடிந்ததும் ஒரு துளைகூட விழாத, நன்றாகக் காய்ந்த மரத்தை விற்றார்கள். அதாவது அந்த அரங்கம், மரம் விற்பனைக்குப் போகும் வழியில் கொஞ்ச நாள் தங்கிய இடம். பானைவிட எனக்கு இங்கே சும்தோரைப் பிடிக்கிறது.

நம் பந்தல்காரர்களுக்கு இதெல்லாம் அதிசயமாகவே இருக்காது. கம்பும் கீற்றும் தகரமும் அவர்களுடையவை. கல்யாண வீட்டுக்காரர் வாங்குவது மூன்று நாள் நிழலை மட்டும்தான். நாளைக்கு அடுத்த வீட்டுக் காதுகுத்துக்கு அதே கம்பு போக வேண்டும். அதனால் கயிற்று முடிச்சை அறுக்க மாட்டார், அவிழ்ப்பார். ஃபாக்ஸ் ஹென்டர்சனின் 79,800 பவுண்டுக் கணக்கும் இதேதான்.

கொள்கலனும் ஒருவகையில் இப்படித்தான். அது யாருக்கும் முழுசாகச் சொந்தமாகித் தங்காத பெட்டி. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. பெட்டி பெரிய கண்டுபிடிப்பு இல்லை. கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் அதன் மூலைகளுக்குச் செய்த இரும்பு வார்ப்பும், அதில் நுழைந்து ஒரு திருப்பில் பூட்டிக்கொள்ளும் முறுக்குப் பூட்டும்தான் கண்டுபிடிப்பு. மெக்லீனின் நிறுவனம் பிறகு அந்தக் காப்புரிமையை விட்டுக்கொடுத்தது. உலகமே ஒரே மூலைக்கு மாறியது. பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்களில் இறங்குவதால் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கலாம். 2005இல் நியூயார்க்கில் 'நாடோடி அருங்காட்சியகம்' கட்டியபோது பான் செய்தது இதைத்தான். 148 பெட்டிகளைச் சதுரங்கப் பலகை மாதிரி இடைவெளிவிட்டு அடுக்கினார். கட்டடம் சாண்டா மோனிகாவுக்கும் தோக்கியோவுக்கும் போனது. ஆனால் எல்லாப் பெட்டிகளும் கடல் தாண்டவில்லை. பெரும்பகுதியை அந்தந்த ஊர்த் துறைமுகத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். எந்த ஊரிலும் பெட்டி ஒன்றுதான், மூலை ஒன்றுதான்.

சிங்கப்பூருக்கு இந்தப் பெட்டி வந்தது 1972 ஜூன் 23. தஞ்சோங் பகாரின் புதிய முனையத்துக்கு வந்த முதல் கொள்கலன் கப்பலின் பெயர் 'நிஹோன்'. என் தாத்தா அப்போது ஹார்பரில் மூட்டை இறக்கும் கேங்கில் இருந்தார். அவரோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பார். கொள்கலன் என்ற சொல்லை அவர் கடைசிவரை சொன்னதில்லை. பொட்டி என்றுதான் சொல்வார். "பொட்டி வந்துச்சு, தோளுக்கு வேலை போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சில வருடங்களில் ஹார்பரை விட்டுக் கிடங்கு ஒன்றில் காவலுக்குப் போய்விட்டார். ஒரு பெட்டியை அடுத்த பெட்டியோடு பூட்ட ஒரே ஒரு திருப்பு போதும் என்று ஆனதும், நூறு மூட்டைகளை அடுக்கத் தெரிந்த கை எதற்கு?

கொள்கலன் கட்டடங்களை 'எளிமையின் அழகு' என்று யாராவது புகழும்போது எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் இடிக்கும். அந்த எளிமைக்கு யாரோ ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார்கள். கண்டெய்ன்ஆர்ட் நின்ற இடத்திலிருந்து தஞ்சோங் பகார் முனையம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். பியனாலேயின் அந்த ஆண்டுக் கருப்பொருள் 'வியப்பு'. தாத்தாவை அங்கே கூட்டிப்போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பொட்டிக்குள்ள படம் மாட்டி வச்சிருக்கானுங்க என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

இடத்தையும் பார்க்க வேண்டும். மரினா பே முழுக்கக் கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம். கட்டடம் வரும்வரை காத்திருக்கும் நிலம். 1922இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த மலாயா போர்னியோ கண்காட்சியும் தெலுக் ஆயரில் அப்படி நிரப்பிய நிலத்தில்தான் நடந்தது. நம் ஊரில் தற்காலிகக் கட்டடக்கலை என்பது பெரும்பாலும் நிலத்தின் காத்திருப்பு நேரத்தை நிரப்பும் வேலை. அதில் தவறில்லை. ஆனால் நிலத்துக்கு இருக்கும் எதிர்காலத் திட்டம் அதன்மேல் நிற்கும் பலகைக்கு இருப்பதில்லை.

கண்டெய்ன்ஆர்ட்டை நான் கண்மூடிக் கொண்டாடவில்லை. நம் வெயிலில் இரும்புப் பெட்டி என்றால் அடுப்பு. ஓவியத்துக்கு ஈரப்பதம் கட்டுக்குள் இருக்க வேண்டும், காப்பீட்டுக்காரர் விடமாட்டார். குளிரூட்டிக்கு ஜெனரேட்டர் ஓடினால் காகிதத்தில் மிச்சப்படுத்தியதை டீசலில் விட்டுவிடுவோம். அதுபோக, கலைச்சந்தைகளின் பெரிய கணக்கு சுவரிலும் கூடாரத்திலும் இல்லை. 2020இல் லண்டனில் கலைக்கூடக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கேலரி கிளைமேட் கோலிஷன் அமைப்பு விமானத்தில் வரும் சரக்கைத்தான் முதலில் குறைக்கச் சொல்கிறது. இதெல்லாம் தெரிந்தும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம், என் மேசைக்கு வருவது சுவர்தான்.

போன மாதம் ஒரு கலை நிகழ்ச்சிக்கு விலை கொடுக்கும்போது எங்கள் முதலாளியிடம் கேட்டு இரண்டு வரி போட வைத்தேன். ஒன்று, கட்டி உடைத்து அள்ளும் விலை. இன்னொன்று, மரையாணி போட்ட அலுமினியச் சட்டத்தில் சுவர்; நிகழ்ச்சி முடிந்ததும் பொருள் எங்களுக்கே. இரண்டாவது விலை குறைவு, ஆனால் கழற்ற ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டு ராத்திரி வேண்டும்.

ஏற்பாட்டாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "எதுக்குத் தம்பி ரெண்டு விலை? குழப்பமா இருக்கே."

ஃபாக்ஸ் ஹென்டர்சன் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஹாலின் வாடகை ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அவர் பதிலுக்குச் சொன்னார். எங்கள் சுவர் விலையில் மிச்சமாவதைவிட அது அதிகம். ஹால்காரரிடம் பேசிப்பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் இரண்டு வரைபடங்களையும் தயாராக வைத்திருக்கச் சொல்லி முதலாளியின் உத்தரவு.